அந்தப் பழமையில் நம் தெரு எங்கே? கபார்தியக் கவிஞர் அலி ஷொகென்சுகோவை முன்வைத்து



அழைப்பிதழைப் பார்த்த பலரும் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் இந்த ஷொகென்சுகோவ்? கேட்டது நியாயம்தான். சோவியத் நூல்கள் மலிவு விலையில் கிடைத்த காலத்தில் ஐத்மாத்தவின் 'ஜமீலா'வைத் தமிழில் படித்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். தாகெஸ்தான் கவிஞர் ரசூல் கம்சாதவின் பெயரும் பலருக்குத் தெரியும். அதே காக்கசஸ் மலைத்தொடரில், கம்சாதவுக்கு ஒரு தலைமுறை முன்னால் எழுதிய அலி ஷொகென்சுகோவின் பெயர் நம்மில் பெரும்பாலோருக்குப் புதிது.

அவரைப் பற்றி இந்த மேடையில் ஏன் பேச வேண்டும்? எந்தத் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவர் இரவுப் பாடசாலை நடத்தியவர். பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், கதையும் சொன்னார். மேடையில் யாராவது முன்னோர் பெருமையை அளவுக்கு மீறிப் பேசினால், அந்தப் பழமையில் நம் தெரு எங்கே இருந்தது என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தன் மக்களிடம் கவிதையில் கேட்ட ஒருவர் ஷொகென்சுகோவ். அவரும் பள்ளி ஆசிரியர். இந்த இரண்டு காரணங்களே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவில் காக்கசஸ் மலைகள் நிற்கின்றன. அதன் வட சரிவில், 5642 மீட்டர் உயரமுள்ள எல்புருஸ் சிகரத்தின் அடிவாரத்தில், இன்று ரஷ்யக் கூட்டமைப்புக்குள் இருக்கும் கபார்தினோ-பல்காரியா குடியரசு இருக்கிறது. தலைநகரம் நல்சிக். கபார்தியர்கள் செர்கேசிய இனத்தின் கிழக்குக் கிளை. தங்களை 'அதிகே' என்று அழைத்துக்கொள்வார்கள். அவர்கள் மொழியில் ஏறக்குறைய 50 மெய்யொலிகள் உண்டு. 18 மெய்யெழுத்தோடு வளர்ந்த நமக்கு இது திகைப்பாக இருக்கும். உயிரொலிகளோ இரண்டு மூன்றுதான் என்று மொழியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்த மக்களின் நினைவில் ஆறாத ஒரு தேதி இருக்கிறது: 1864 மே 21. ஜார் பேரரசு காக்கசஸ் போர் முடிந்ததாக அறிவித்த நாள். கபார்தா அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வீழ்ந்துவிட்டது. மேற்குச் செர்கேசியர்கள் கடைசிவரை எதிர்த்து நின்றார்கள். தோற்றவர்களை ஊர் ஊராகக் காலி செய்து கருங்கடல் கரைக்குத் துரத்தினார்கள். அங்கிருந்து உதுமானியப் பேரரசுக்குக் கப்பலேற்றினார்கள். பல லட்சம் பேர் மண்ணை இழந்தார்கள். பசியிலும் நோயிலும் கடலிலும் செத்தவர்கள் ஏராளம். இன்று துருக்கி, ஜோர்டான், சிரியா என்று வெளியே வாழும் செர்கேசியர்களின் எண்ணிக்கை, தாயகத்தில் வாழ்பவர்களைவிட அதிகம். உலகெங்கும் அவர்கள் மே 21-ஐத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய அநீதிக்கு ஆளான ஒரு இனம், தன் பழமையை எப்படி நினைத்துப் பார்க்கும்? வீரர்கள், குதிரைகள், விருந்தோம்பல், 'அதிகே ஹப்ஸே' என்கிற ஒழுக்க நெறி. இவை பொய் அல்ல. அந்த நெறியில் மூத்தோரை மதிப்பது உண்டு, விருந்தினரை உயிரைக் கொடுத்துக் காப்பது உண்டு. ஆனால் அதே சமூகத்தில் ஒரு ஏணியும் இருந்தது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏணியின் உச்சியில் 'ப்ஷி' எனப்பட்ட இளவரசர்கள். அடுத்து 'வொர்க்' எனப்பட்ட பிரபுக்கள். அவர்களுக்குள்ளேயே பல படிகள். அதற்குக் கீழே தனி உரிமை உள்ள உழவர்கள். அதற்கும் கீழே நிலத்தோடும் எஜமானரோடும் கட்டப்பட்ட பண்ணையாட்கள். எல்லோருக்கும் அடியில் 'உனாவுத்'. வீட்டு அடிமைகள். பண்ணையாளுக்காவது வழக்கச் சட்டத்தில் சில உரிமைகள் உண்டு. உனாவுத்துக்கு அதுவும் இல்லை. முறையான திருமணம் இல்லை. உனாவுத் பெண் பெற்ற பிள்ளை அவளுக்குச் சொந்தமில்லை, எஜமானருக்குச் சொந்தம். அந்தப் பிள்ளையை விற்கலாம்.

இளவரசர் இளவரசர் வீட்டில்தான் பெண் எடுப்பார். படி தாண்டிப் பிறந்த பிள்ளைக்குத் தனிப் பெயர், தனித் தகுதி. யார் வந்தால் யார் எழ வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கெல்லாம் வழக்கம் இருந்தது. இதைச் சாதி என்று சொல்லிவிட முடியாது. தீட்டு என்ற கருத்தை மையமாக வைத்து, சமய நூல் கொண்டு காத்த அமைப்பு அது அல்ல. வேறுபாட்டை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்று என்று சொன்னால் ஆய்வும் கெடும், அரசியலும் கெடும். ஆனால் பாபாசாகேப் அம்பேத்கர் நமக்குக் கற்றுக்கொடுத்த படிநிலைச் சமத்துவமின்மை என்ற கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே ஒரு படி இருப்பதில் ஆறுதல் தேடும் அந்த இயக்கத்தை அங்கேயும் அடையாளம் காண முடியும்.

1860களின் நடுவில் ரஷ்ய நிர்வாகம் கபார்தாவில் பண்ணையடிமை முறையை ஒழித்தது. விடுதலை இலவசமாக வரவில்லை. அடிமைப்பட்டவர்தான் எஜமானருக்கு மீட்புப் பணம் கொடுக்க வேண்டும். பணம் இல்லாதவர் உழைத்துக் கழிக்க வேண்டும். மக்களை நாடு கடத்திய அதே பேரரசுதான் அடிமைகளுக்கும் விடுதலை அறிவித்தது. வரலாறு இப்படித்தான் வருகிறது, நமக்கு வசதியாகப் பிரிந்து வருவதில்லை.

இந்த விடுதலைக்கு முப்பது சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1900-ல், இன்று பக்சான் நகரமாக இருக்கும் குச்மசுகினோ கிராமத்தில் ஓர் ஏழை உழவர் வீட்டில் பிறந்தார் அலி. அவர் குழந்தையாக இருந்தபோது, பண்ணையாளாகப் பிறந்தவர்களும் எஜமானராகப் பிறந்தவர்களும் ஊர்களில் முதியவர்களாக இருந்த காலம். ஏணி சட்டத்தில் போய்விட்டது. ஆனால் நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே பெரிதும் இருந்தது. 1913-ல் சோல்கா மேய்ச்சல் நிலங்களுக்காகக் கபார்திய உழவர்கள் கிளர்ந்தெழுந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பக்சானில் அப்போது ஓர் அறிவு இயக்கம் நடந்துகொண்டிருந்தது. இஸ்தான்புல்லில் படித்து, அங்கே செர்கேசியப் பத்திரிகையில் பணியாற்றித் திரும்பிய நூரி சாகோவ் பக்சானில் ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். கபார்திய மொழிக்கு எழுத்து, பாடநூல், பத்திரிகை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்ற தலைமுறை அது. அலி அவருடைய மாணவர். பிறகு கிரீமியாவில் படித்தார். அங்கிருந்து இஸ்தான்புல் போனார்.

இஸ்தான்புல் என்பது ஒரு செர்கேசியருக்கு வெறும் வெளியூர் அல்ல. 1864-ல் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வாழ்ந்த நாட்டின் தலைநகரம். தாத்தாக்கள் திரும்பிப் போக முடியாமல் செத்த இடத்துக்கு, ஊருக்குத் திரும்பும் வழி இன்னும் இருந்த ஒரு பையன் போய்ச் சேர்ந்தான். வறுமையில் இருந்தான். 1917-ல் அங்கேதான் 'நானே' என்ற கவிதையை எழுதினான். கபார்திய மொழியில் தாயைக் குறிக்கும் சொல் அது. நம் காதுக்கு வேறு பொருளில் ஒலித்தாலும், அங்கே அது 'அம்மா'. அந்தக் கவிதையில் இளவரசர் இல்லை, குதிரை வீரர் இல்லை. ஊரில் விட்டு வந்த தாயும், அவளுக்காக ஏங்கும் மகனும்தான். தோற்ற இனத்தின் கவிஞன் தன் முதல் கவிதைகளில் ஒன்றைப் படைத்தலைவனுக்கு எழுதாமல் ஓர் ஏழைத் தாய்க்கு எழுதியதை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஊர் திரும்பினார். பள்ளி ஆசிரியரானார். ஷொகென்சுகோவைக் கபார்திய நவீன இலக்கியத்தின் தொடக்கப் புள்ளி என்கிறார்கள். அந்த இலக்கியம் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த மொழியின் எழுத்துக் கதையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஷோரா நொக்மோவ், காசி அதாஷுகின் போன்றவர்கள் எழுத்து உருவாக்க முயன்றார்கள். 1854-ல் பிறந்த பெக்முர்சா பாச்சேவ் என்ற மக்கள் கவிஞர் ஏழை உழவர். தன் பாடல்களை எழுதிவைக்கத் தாமே ஓர் எழுத்து முறையை உண்டாக்கிக்கொண்டார். அச்சகமும் பள்ளியும் நமக்குக் கிடைக்காது, ஆனாலும் நம் சொல் அழியக்கூடாது என்று ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து எழுத்து செய்ததை நினைத்துப் பாருங்கள். பிறகு அரபு எழுத்தை ஒட்டிய வடிவங்கள் புழங்கின. 1920களில் இலத்தீன் எழுத்து வந்தது. 1936-ல் ரஷ்ய எழுத்து வந்தது. ஐம்பது மெய்யொலிகளுக்கு ரஷ்ய எழுத்து போதாமல், ஒரு நெட்டுக் கோட்டைத் துணை எழுத்தாகச் சேர்த்து, இரண்டு மூன்று எழுத்துகளைக் கூட்டி ஓர் ஒலியாக்கி எழுதினார்கள். ஷொகென்சுகோவின் நாற்பத்தொரு ஆண்டு வாழ்க்கைக்குள் அவர் மொழி அரபு, இலத்தீன், ரஷ்யம் என்று மூன்று எழுத்துகளைக் கண்டது.

இப்படிப்பட்ட மொழியில் வாசகர் யார்? முந்தைய தலைமுறையில் தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும், எழுத்தறிவு வகுப்புக்கு வரும் பெரியவர்களும்தான் அந்த மொழியின் முதல் வாசகர்கள். அந்தச் சூழலில் பிள்ளைகளுக்கான எழுத்து, பெரியவர்களுக்கான எழுத்து என்ற பிரிவு நிற்காது. புதிதாக எழுத்துக் கூட்டுபவருக்குப் புரிய வேண்டும். அதே நேரத்தில் அவரைச் சிறுபிள்ளையாக நடத்தவும் கூடாது. ஷொகென்சுகோவ் வாய்மொழிப் பாடலின் ஓசையை எடுத்து அச்சுக் கவிதைக்குக் கொண்டுவந்ததற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம் என்பது எங்கள் வாசிப்பு. காது ஏற்கெனவே அறிந்த ஓசையைக் கண் தாளில் தேடிக் கண்டுபிடிக்கும்.

அந்தப் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருந்த கதை எது? 'நார்த்' என்னும் பழங்கால வீரர்களின் காப்பியக் கதைகள். அதில் சொஸ்ருகோ என்ற வீரன் வருகிறான். கல்லிலிருந்து பிறந்தவன். ஆட்டிடையனின் வித்து என்று சொல்லி மற்ற நார்த்துகள் அவன் பிறப்பை இழிவுபடுத்துவார்கள். ஒருமுறை கடுங்குளிரில் எல்லோரும் உறைந்து சாகும் நிலை. பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்ட சொஸ்ருகோதான் போய், அரக்கனை ஏமாற்றி நெருப்பைக் கொண்டுவருகிறான். எல்லோரும் பிழைக்கிறார்கள். பிழைத்த அதே நார்த்துகள் பிறகு அவனைச் சூழ்ச்சி செய்து கொல்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளைக்குப் பொற்காலத்தில் ஓர் ஓட்டை இருப்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஷொகென்சுகோவின் முக்கியமான இரண்டு படைப்புகளும் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே பார்க்கின்றன. 'மதினா' என்ற நெடுங்கவிதை, விருப்பமில்லாத திருமணத்துக்குள் தள்ளப்பட்டு அழிந்த ஒரு பெண்ணின் கதை. பெண்ணுக்கு விலை பேசும் வழக்கத்தை வெளியிலிருந்து வந்த எதிரி சுமத்தவில்லை. அது வீட்டுக்குள், 'நம் வழக்கம்' என்ற பெயரில் நடந்தது. 1930களில் எழுதிய 'கம்போத்தும் லாத்சாவும்' கவிதையிலேயே அமைந்த புதினம். நிலப்பிரபுத்துவக் கபார்தாவில் எளிய குடியில் பிறந்த இருவரின் காதலையும், அதை நசுக்கும் இளவரசர்களின் அதிகாரத்தையும், கீழ்ப்படி மக்களின் கோபத்தையும் பேசுகிறது. கபார்திய மொழியின் முதல் பெரும் கதைப் படைப்புகளில் ஒன்று, இளவரசனை நாயகனாக்கவில்லை. அவனிடம் கணக்குக் கேட்டது.

இங்கே ஒரு சந்தேகத்தை மாணவர்கள் எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். 1930களின் சோவியத் அரசு இளவரசர்களைத் திட்டி எழுதுவதைத்தானே விரும்பியது? அரசு கேட்டதைத்தானே அவர் எழுதினார்?

இதை மழுப்ப வேண்டியதில்லை. அந்த அரசு அவருக்கு அச்சகம் கொடுத்தது, பள்ளி கொடுத்தது, எழுத்தாளர் சங்கம் கொடுத்தது. கூடவே, பேசக்கூடியது எது, கூடாதது எது என்ற எல்லையையும் வகுத்தது. அதே ஆண்டுகளில் கபார்திய அறிவாளிகள் பலர் கைதானார்கள், கொல்லப்பட்டார்கள். அந்தக் குடியரசை நீண்டகாலம் ஆண்ட பெத்தால் கல்மிகோவே 1938-ல் கைதாகி 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். இளவரசரின் கொடுமையைப் பாடலாம். தோழர்கள் இரவில் காணாமல் போவதைப் பாட முடியாது. 1944 மார்ச் 8 அன்று, அதே குடியரசில் கபார்தியர்களோடு வாழ்ந்த பல்கார் மக்கள் அனைவரையும் வண்டிகளில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடியரசின் பெயரிலிருந்தே 'பல்கார்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 1957-ல்தான் பெயர் திரும்பியது. போர்முனையில் காயம்பட்டவரான பல்கார் கவிஞர் கைசின் குலியெவ் தன் மக்களோடு கிர்கீசியாவில் நாடுகடத்தல் வாழ்வைப் பகிர்ந்துகொண்டார். எழுத்தைக் கொடுத்த கைதான் ஒரு மக்களை ஒரே நாளில் அள்ளியெடுத்துப் போனது.

ஆனால் அரசு விரும்பியதாலேயே ஓர் உண்மை பொய்யாகிவிடாது. ஏணி இருந்தது. உனாவுத் பெண்ணின் பிள்ளை விற்கப்பட்டது. மதினாக்கள் இருந்தார்கள். அரசு அனுமதித்த பாதி உண்மையை அவர் முழு மனதோடு எழுதினார். அதற்கான வேர், அந்த அரசு வேரூன்றும் முன்பே 1917-ல் ஓர் ஏழைத் தாயை நினைத்து எழுதிய பையனிடம் இருந்தது என்றே நாங்கள் நம்புகிறோம்.

1941-ல் போர் வந்தது. ஷொகென்சுகோவ் செம்படையில் சேர்ந்தார். ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பெலாரூஸின் பொப்ரூய்ஸ்க் கைதி முகாமில் 1941 நவம்பர் 29 அன்று இறந்தார். நாஜிகளின் கணக்கில் சோவியத் கைதிகள் கீழினத்தவர். உணவு கொடுக்கத் தேவையில்லாதவர்கள். ஏறக்குறைய 33 லட்சம் சோவியத் போர்க் கைதிகள் அந்த முகாம்களில் பட்டினியாலும் நோயாலும் தோட்டாவாலும் மாண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் எண்ணிக்கை. பிறப்பால் மனிதரைப் படி பிரிப்பதை வாழ்நாள் முழுக்க எதிர்த்து எழுதியவர், பிறப்பால் மனிதரைப் பிரித்ததன் மிகக் கொடூரமான வடிவத்தில் உயிர்விட்டார்.

நல்சிக்கில் உள்ள கபார்திய நாடக அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அவரைப் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் படிப்புக்கே ஆபத்து வந்திருக்கிறது. 2018-ல் ரஷ்யக் கூட்டமைப்பு சட்டத்தைத் திருத்தி, குடியரசுகளில் தாய்மொழிப் பாடத்தைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. கேட்க ஜனநாயகமாக ஒலிக்கும். தேர்வும் வேலையும் பெரிய மொழியில் இருக்கும்போது, 'விருப்பம்' என்பது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. யுனெஸ்கோ கபார்திய மொழியைப் பாதுகாப்பற்ற மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. பாச்சேவ் தனியாக உட்கார்ந்து எழுத்து செய்த மொழிக்கு, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் வகுப்பறையிலிருந்துதான் ஆபத்து வருகிறது.

சரி, இதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டு போவது?

செர்கேசியர்களுக்கு இழைக்கப்பட்டது மாபெரும் அநீதி. அதை மறுப்பவர்களோடு நமக்கு உறவில்லை. ஆனால் சோவியத் காலத்தில் ஏணியைப் பற்றிப் பேச முடிந்தது, 1864 பற்றி முழுதாகப் பேச முடியவில்லை. இன்று 1864 பற்றிப் பேசும் எவரும் ஏணியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். கப்பலில் ஏறியவர்களில் இளவரசரும் இருந்தார், அவருடைய அடிமையும் இருந்தார். இருவரும் தாயகத்தை இழந்தார்கள். ஆனால் இருவரும் இழந்தது ஒன்றல்ல. அடிமை இழந்த தாயகத்தில் அவருக்கு என்ன இருந்தது என்று கேட்காத நினைவேந்தல், பாதி நினைவேந்தல்தான்.

வெளியிலிருந்து வந்த அடியைச் சொல்லி, உள்ளே விழுந்த அடியை மறைப்பது ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பழகிப்போன அனுபவம். 'இப்போது நம் எல்லோருக்கும் பொது எதிரி ஒருவன் இருக்கிறான், உங்கள் பிரச்சினையைப் பிறகு பேசலாம்' என்ற வாக்கியம் எல்லா மொழியிலும் உண்டு. ஷொகென்சுகோவ் 'பிறகு' என்று சொல்லவில்லை. தன் இனத்தை நேசித்துக்கொண்டே, அதன் கடைசிப் படியில் நின்று அதைப் பார்த்தார். அந்த இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு அவர் எழுத்து சாட்சி.

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் நாளை சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் எழுதுவீர்கள், சிலர் மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வீர்கள். மூன்றும் ஒரே வேலைதான் என்று அந்தப் பக்சான் ஆசிரியரின் வாழ்க்கை சொல்கிறது. கதை சொல்லும்போது சொஸ்ருகோவின் கதையையும் ஒருமுறை சொல்லுங்கள். நெருப்பைக் கொண்டுவந்தவன் யார், அவனை எப்படி அழைத்தார்கள், கடைசியில் அவனை என்ன செய்தார்கள் என்று முழுதாகச் சொல்லுங்கள். முடிவை மாற்றிச் சொல்ல வேண்டாம். கதையைக் கேட்ட பிள்ளைகள் அந்த முடிவைப் பற்றிக் கேட்கப்போகும் கேள்விகளை நாம் நின்று கேட்க வேண்டும்.